கொடி சுற்றிப் பிறந்தவன் எழுதுவது

என் பிரியமுள்ள தனராஜ் மாமாவுக்கு,

நீங்கள் போனபிறகும் நான் உங்களோடு பேசாமல் இருந்ததில்லை. பைக் ஓட்டும்போது ஹெல்மெட்டுக்குள் பேசிக்கொண்டேதான் போகிறேன். ஆனால் இந்த விஷயத்தை எழுதித்தான் கேட்க வேண்டும். பேசினால் உங்கள் குரலில் பதிலையும் நானே சொல்லிவிடுகிறேன், அதுவும் உங்களுக்குச் சாதகமாகவே சொல்லிவிடுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. நம் ஷீபாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம், இருவரும் நலம். என் தங்கச்சி ஒரு குழந்தைக்கு அம்மா என்பதை இன்னும் என்னால் நம்ப முடியவில்லை. உங்களுக்குப் பேத்தி. தாத்தா என்று கூப்பிட்டிருந்தால் முறைத்திருப்பீர்கள். நிறைய முடி, ஷீபாவின் மூக்கு, அழுதால் அடுத்த பிளாட்டுக்குக் கேட்கும் தொண்டை என்று சொல்கிறார்கள். இந்தச் சில நாளாக "சொல்கிறார்கள்" என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது, ஏனென்றால் நான் அவளைப் பார்க்கவில்லை.

ஏன்டா பார்க்கவில்லை என்கிறீர்களா? அதற்குப் பதில் உங்களிடம்தானே இருக்கிறது.

அன்று பள்ளிக்கூடம் விட்டதும் குரோம்பேட்டையில் ஷீபா இருந்த ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஒரு கையில் காபி ஃபிளாஸ்க், ஒரு கையில் இட்லிப் பொட்டலம். அறை வாசலில் அம்மா நின்றிருந்தாள். அம்மா என்றால் உங்கள் அக்கா. ஞாயிறு ஆராதனைக்கு முதல் பெஞ்சு, வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், அதே அம்மா. என்னைப் பார்த்ததும் கையைக் குறுக்கே நீட்டினாள்.

"உள்ள வராத."

"ஏம்மா? ஷீபாவுக்கு என்ன?"

"அவ நல்லாதான் இருக்கா. கொழந்த கொடி சுத்திப் பொறந்திருக்கு. கழுத்துல ரெண்டு சுத்து. நீ தாய்மாமன், நேரா பாக்கக் கூடாது."

கொடி சுற்றிப் பிறந்த குழந்தை தாய்மாமன் உயிருக்கு ஆகாதாம். அவன் முதலில் எண்ணெயில் அதன் முகத்தைப் பார்த்துவிட்டு, அதன்பிறகுதான் நேரில் பார்க்க வேண்டுமாம். சொல்லிக்கொண்டே அம்மா கைப்பையைத் திறந்து, வேதாகமத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு ஊறுகாய் பாட்டிலை எடுத்தாள். அதில் நல்லெண்ணெய்.

"ஒரு நிமிஷ வேலடா. கிண்ணத்துல ஊத்தறேன். ஷீபா கொழந்தையப் புடிப்பா, நீ எண்ணெய மட்டும் பாரு. பாஸ்டர் ஜெபம் பண்ண வரேன்னிருக்காரு, அதுக்குள்ள முடிச்சிடலாம்."

"நாம இதெல்லாம் நம்புவோமாம்மா?"

"நம்பிக்க இல்லடா இது. ஜாக்கிரத."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது மாமா. "அம்மா, நான் ஜுவாலஜி வாத்தியாரும்மா. வருஷா வருஷம் தொப்புள்கொடிய போர்டுல படம் போட்டுக் காட்டறவன். டாக்டர் கிட்ட கேளு, இது ரொம்ப சகஜம்னு சொல்வாங்க."

"சொன்னாங்க, சொன்னாங்க. உங்க மாமாவும் இப்படித்தான் சிரிச்சான்."

"எந்த மாமா?"

"எத்தன மாமா இருக்காங்க உனக்கு? நீ பொறந்தப்ப உன் கழுத்துலயும் கொடி. நர்ஸ் கையிலேருந்து அப்படியே உன்ன வாங்கிட்டான். எண்ண எண்ணன்னு நான் கத்தறேன், கேக்கவே இல்ல. 'என் மருமவன எண்ணெயில போட்டுப் பாக்கணுமா, அவன் என்ன அப்பளமா'ன்னு சிரிச்சான். இப்ப எங்க அவன்? சொல்லு, எங்க?"

அம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டாள், உள்ளே ஷீபாவுக்குக் கேட்கக் கூடாது என்று.

"தம்பியக் குடுத்துட்டேன். புள்ளையையும் குடுக்கச் சொல்றியா?"

ஃபிளாஸ்க்கை நாற்காலியில் வைத்துவிட்டுப் படியில் இறங்கி வந்துவிட்டேன். பைக்கை எங்கே நிறுத்தினேன் என்று ஞாபகம் வரவில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் சத்தமும் புகையுமாக வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை.

இந்த வயதுவரை எனக்கு இது தெரியாது. நான் கொடி சுற்றிப் பிறந்தவன் என்று ஒருவரும் மூச்சு விட்டதில்லை. நீங்களுமா மாமா? ஒரே பள்ளிக்கூடம், ஒரே ஸ்டாஃப் ரூம், ஒரே டிபன் பாக்ஸில் பாதி நாள் கை. எத்தனையோ கதை விட்டீர்களே, இந்த ஒரு கதையை ஏன் விடவில்லை? எனக்குப் பயமாக இருக்கும் என்றா, அல்லது உங்களுக்கே கொஞ்சம் பயமாக இருந்ததா?

நான் மூளையில்லாதவன் இல்லை. எல்லாம் யோசித்துப் பார்த்துவிட்டேன். என்னால் ஆகாமல் போவதாக இருந்தால் அன்றைக்கே அல்லவா ஆகியிருக்க வேண்டும்? நான் நடந்து, படித்து, வேலைக்கு வந்து, உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, நீங்கள் ரிட்டயர் ஆகப்போகிற வருஷம்வரைக்குமா அது காத்திருந்தது? அப்படியானால் உங்கள் சர்க்கரை, உங்கள் பிரஷர், வாக்கிங் போங்கள் என்று டாக்டர் சொன்னால் பிராய்லர் கோழிதான் நடக்க வேண்டும் என்று அவருக்கே பதில் சொல்லிவிட்டு வந்த திமிர், இதெல்லாம் எதில் சேர்த்தி? இப்படியெல்லாம் நியாயம் பேசிக்கொண்டே போவேன். பாதியில் அம்மாவின் முகம் வரும். அவ்வளவுதான், நியாயம் எல்லாம் போய்விடும்.

அப்போது என் சிக்கல் இதுதான் மாமா, நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். எண்ணெயில் குனிந்து பார்ப்பது எனக்குப் பெரிய விஷயமே இல்லை. அம்மா மனசுக்காக எத்தனையோ செய்கிறோம். ஆனால் நான் குனிந்தால், இது உண்மை என்று ஒப்புக்கொண்ட மாதிரி. இது உண்மை என்றால் உங்களை எடுத்தது நான். குனியாவிட்டால் அம்மாவுக்கு ராத்தூக்கம் கிடையாது, எனக்கு மருமகள் கிடையாது. எந்தப் பக்கம் போவது?

மூன்றாம் நாள் ஷீபாவையும் குழந்தையையும் ஊரப்பாக்கத்துக்கு, நம் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். நான் வீட்டை விட்டுக் கிளம்பினேன். அம்மா பையில் என் சட்டைகளை மடித்து வைத்தாள், சாப்பாட்டை டப்பாவில் போட்டுக் கொடுத்தாள், "ரூபி வீட்ல இரு, கொஞ்ச நாளைக்கு" என்றாள். ஆமாம், உங்கள் வீட்டில்தான் இருக்கிறேன். செம்பாக்கத்தில், உங்கள் கட்டிலில், உங்கள் ஃபேனின் அந்தக் கடகடச் சத்தத்தின் கீழே. ரூபி அத்தை காரணம் கேட்கவில்லை. "வந்தியா, கை கழுவிட்டு வா" என்று தட்டை வைத்தார்.

இந்தக் காலத்தில் ஒரு குழந்தையைப் பார்க்காமல் இருப்பது எவ்வளவு பேஜார் தெரியுமா? குடும்ப வாட்ஸப் குரூப்பில் காலையிலிருந்து படமாக வந்து விழுகிறது. கண் பட்டுவிடும் என்று சொல்லி அம்மா எல்லோரையும் கூப்பிட்டுத் திட்டினாள். அப்புறமும் வந்தது. கடைசியில் நானே குரூப்பை விட்டு வெளியேறினேன். உடனே ஒரு சித்தப்பா போன் போட்டு, "என்னப்பா, சொத்துத் தகராறா?" என்று கேட்டார். மச்சான், அதாவது ஷீபா வீட்டுக்காரர், குழந்தையின் படத்தைத் தன் நம்பருக்கு முகப்புப் படமாக வைத்துவிட்டார். அவர் கூப்பிட்டால் நான் போனைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு தடவித் தடவி எடுத்தேன்.

ஒரு நாள் ஷீபாவே வீடியோ காலில் வந்தாள். "அண்ணா, இங்க பாரேன்" என்று அவள் திருப்புவதற்குள் பின்னாலிருந்து அம்மா பாய்ந்து வந்து போனைப் பிடுங்கிவிட்டாள். அப்புறம் ஒரு பெரிய சந்தேகம் கிளம்பியது. போனில் பார்ப்பது நேரில் பார்ப்பதா, நிழலில் பார்ப்பதா? நிழல் என்றால் எண்ணெய்க்குப் பதிலாக அதுவே போதாதா? அம்மா மதுராந்தகத்தில் இருக்கும் யாரோ ஒரு பெரியம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். அவரும் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாராம்.

சிரிக்காதீர்கள். நான் இதில் எதையும் நம்பவில்லை. ஆனால் ஒருமுறைகூட அந்தப் படத்தை நான் பார்க்கவில்லை மாமா. யார் தடுத்தார்கள்? அறையில் தனியாகத்தானே இருக்கிறேன், போன் கையில்தானே இருக்கிறது?

பிள்ளை பெற்ற உடம்பு, பயந்துவிடுவாள் என்று ஷீபாவுக்கு அம்மா உண்மையான காரணத்தைச் சொல்லவில்லை. அதனால் அவளுக்கு என்மேல் வருத்தம். "பொண்ணு பொறந்துச்சுன்னு வரமாட்டியாண்ணா?" என்று கேட்டாள். இந்தப் பக்கம் அம்மா கூப்பிட்டு, "வெள்ளியில அரைஞாண் கொடி வாங்கிட்டு வா, தாய்மாமன்தான் போடணும்" என்கிறாள். சரி, எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றால், "வாசல்லயே குடுத்துட்டுப் போயிடு" என்கிறாள். ஒரு கொடிக்கு நான் வேண்டும், இன்னொரு கொடிக்கு நான் ஆகாது. இதில் நான் என்ன செய்வது?

இந்த வார்த்தையே இப்போது என்னைப் பாடாய்ப் படுத்துகிறது. உங்களுக்குப் பதிலாக இன்னும் ஆள் போடவில்லை, அதனால் உங்கள் தாவரவியலும் என் தலையில்தான். முன்பெல்லாம் பயாலஜியில் முன்பாதி உங்களுக்கு, பின்பாதி எனக்கு. பரீட்சையில்கூடப் பிள்ளைகள் இரண்டு பகுதியாகத்தான் எழுதுவார்கள். இப்போது முதல் பீரியடில் பிளஸ் ஒன்னுக்குப் பின்னுகொடி, ஏறுகொடி நடத்துகிறேன். நாலாம் பீரியடில் பிளஸ் டூவுக்குத் தொப்புள்கொடி. போன வாரம் தொப்புள்கொடி வரைந்தபோது கை தானாக நுனியில் ஒரு பற்றுக்கம்பியைச் சுருட்டி விட்டுவிட்டது. வகுப்பே சிரித்தது. "சார், பாப்பா பந்தல்ல ஏறுமா சார்?" என்று ஒரு பெண் கேட்டாள். நானும் சிரித்துவிட்டு அழித்தேன். ஆனால் இரண்டு தமனி, ஒரு சிரை என்று எழுதும்போது சாக்பீஸ் உடைந்துவிட்டது.

ஸ்டாஃப் ரூமில் நம் சண்டை ஞாபகம் இருக்கிறதா? "கொடின்னு ஒரு வார்த்தை உங்க டிபார்ட்மெண்ட்டுக்கு எப்படி வந்துச்சு? எங்ககிட்ட வாங்கிட்டுப் போனதுதான? மரியாதையா திருப்பிக் குடுத்துடுங்க" என்பீர்கள். "உலகத்துல பொறக்கிற எல்லாரும் மொதல்ல பாக்கிறது எங்க கொடியத்தான் சார். உங்க அவரக்கொடியெல்லாம் அப்புறம்தான்" என்பேன். பள்ளிக்கூடத்தில் உங்களை சார் என்றுதான் கூப்பிட வேண்டும், அதுவே நமக்கு ஒரு விளையாட்டு. தமிழ் டீச்சர் நடுவில் வந்து, கொடிவழி என்றால் வம்சம், மின்னலும் கொடிதான், தாலி கோக்கிறதும் கொடிதான் என்று இன்னும் நாலைச் சேர்த்துவிட்டுப் போவார். கட்சிக்காரர்களும் தேர்த்திருவிழாக்காரர்களும் ஏற்றுகிற கொடியை நீங்கள் கணக்கிலேயே சேர்க்க மாட்டீர்கள். "அது துணி, அதுக்கு ஏது வேர்?" என்பீர்கள்.

அன்றைக்கெல்லாம் இந்தப் பேச்சு நடந்தபோது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அப்போது ஒருமுறையாவது என் கழுத்தை நிமிர்ந்து பார்த்தீர்களா? நான்தான் கவனிக்கவில்லையா?

இங்கிலீஷ்காரர்கள் அதைக் கயிறு என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். நம் ஆட்கள் ஏன் அதைக் கொடி என்றார்கள்? கயிறு யாரோ கட்டினால்தான் சுற்றும். கொடி தானாகச் சுற்றும். அதனால்தான் அதன்மேல் பழிபோடத் தோன்றியதோ? இப்படியே ஏதாவது யோசித்துக்கொண்டு உங்கள் பால்கனியில் உட்கார்ந்திருக்கிறேன். யோசித்து என்ன, எதுவும் பிடிபடவில்லை.

உங்கள் பால்கனிச் செய்தியும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தொட்டியில் வைத்த சங்குப்பூ, அத்தை துணி காயப்போடுகிற கொடியைப் பிடித்து ஏறி இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போய்விட்டது. நீங்கள் இருந்தபோது அத்தை தினமும் கத்தரிக்கோலும் கையுமாக மிரட்டுவாரே, இப்போது அதைத் தொட விடமாட்டேன் என்கிறார். துணியெல்லாம் ஹாலில் நாற்காலி முதுகில் காய்கிறது. நேற்று என் பேண்ட்டை டி.வி. மேல் போட்டிருந்தார்.

அந்தப் பால்கனியில்தான் சனிக்கிழமை சாயந்திரம் கேட்டுவிட்டேன். அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "அத்த, மாமா என்னால செத்துட்டாருன்னு நீங்களும் நெனைக்கிறீங்களா?" என்று கேட்டேன்.

அத்தை நிமிர்ந்து பார்த்தார். "உனக்கு என்ன கிறுக்கா?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரி வாசல், ஊறுகாய் பாட்டில், அப்பளம், எல்லாம். அப்பளம் என்றதும் அத்தை வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். சிரிக்கிறார்.

"எண்ணெயில பாக்கலன்னு யார் சொன்னது? பாத்தாரே உங்க மாமா. பாத்தாரான்னு கேட்டா, அதான் சண்ட."

அப்புறம் அவர் சொன்னது இது. நீங்கள் என்னை வீரமாக வாங்கித் தூக்கிய அன்று சாயந்திரம், கல்யாணம் ஆகிச் சில மாதமே ஆன அத்தையிடம் போய் அதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறீர்கள். அத்தை பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார். இப்போதே போய்ப் பார்த்துவிட்டு வந்தால்தான் சோறு என்றிருக்கிறார். மறுநாள் காலையில் அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து இரண்டு பேரும் அறைக்குள் நுழைந்திருக்கிறீர்கள், திருடர்கள் மாதிரி. அத்தை என்னைப் பிடித்தார். நீங்கள் எவர்சில்வர் தட்டில் எண்ணெயை ஊற்றிக் குனிந்தீர்கள். நான் அந்தத் தட்டில் நேராக மூத்திரம் பெய்தேன்.

"எண்ண கலங்கிடுச்சு. உங்க மாமா மொகத்துலயும் தெறிச்சுது" என்றார் அத்தை. "மூஞ்சி தெரிஞ்சுதுன்னு அவரு. ஒண்ணுமே தெரியலன்னு நானு. தட்டத் தொடச்சு வெக்கறதுக்குள்ள உங்கம்மா வந்துட்டாங்க. கல்யாண நாள்னு வந்தா போதும், இந்தச் சண்டைய எடுத்துடுவோம். கடைசிவரைக்கும் அவரு ஒத்துக்கல, நானும் ஒத்துக்கல."

எனக்கு இன்னும் குழப்பம் அதிகமாகிவிட்டது மாமா. நீங்கள் பார்த்தீர்கள் என்றால், எண்ணெய் உங்களைக் காப்பாற்றவில்லை. பார்க்கவில்லை என்றால், அம்மா சொல்வது நிற்கிறது. நேரில் முதல் நாளே பார்த்தாயிற்று, எண்ணெயில் மறுநாள் பார்த்தால் அது செல்லுமா செல்லாதா, மதுராந்தகத்துப் பெரியம்மாவுக்கே தெரியாது. அதைவிடப் பெரிய கேள்வி, தாவரவியல் தனராஜ் சார் ஏன் எண்ணெயில் குனிந்தார்? பொண்டாட்டி அழுதாள் என்றா? உயிர்மேல் ஆசையா?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அத்தை புடவையைக்கூட மாற்றாமல், "வண்டிய எடு, ஊரப்பாக்கம் போலாம்" என்றார். நான் வேண்டாம் என்றேன். "நீ வாசல்ல நில்லு. எனக்கு அண்ணிகிட்ட பேசணும்" என்றார். நான் வாசலிலேயே, செருப்பு விடும் இடத்தில் நின்றேன். உள்ளே ஷீபாவும் குழந்தையும் படுத்திருந்த அறைக் கதவு சாத்தியிருந்தது. அம்மா ஹாலில் டவல் மடித்துக்கொண்டிருந்தாள்.

அத்தை உட்கார்ந்து, தட்டுக் கதையை முழுக்கச் சொன்னார். நான் மூத்திரம் பெய்த இடம் வந்தபோது அம்மா சிரிப்பாள் என்று நினைத்தேன். அம்மாவுக்குக் கோபம் வந்தது.

"என் புள்ளைய எண்ணத் தட்டு மேல புடிச்சீங்களா? வழுக்கி விழுந்திருந்தா என்னாடி பண்ணியிருப்ப ரூபி? பச்சக் கொழந்தடி!"

அத்தை பயந்தே போய்விட்டார். பயல் இதோ வாசலில் ஆறடி உயரத்தில் நிற்கிறான், அம்மா அவனை நினைத்துப் பதறுகிறாள். கொஞ்ச நேரம் திட்டித் தீர்த்துவிட்டு அம்மா கையிலிருந்த டவலைக் கீழே வைத்தாள்.

"அப்ப அவன் பாத்தானா? கொழந்த மொகத்த எண்ணெயில பாத்தானா? உண்மையச் சொல்லு."

நான் அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை கல்யாண நாள், எத்தனை சண்டை. ஒருநாளும் விட்டுக்கொடுக்காத அத்தை.

"பாத்தாரு அண்ணி" என்றார். "நல்லா பாத்தாரு. நான் பக்கத்துலதான இருந்தேன்."

அம்மா சோபாவில் சாய்ந்தாள். பிறகு வாசலுக்கு வந்து, என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கையில் குழந்தை பவுடர் வாசனை.

"அப்ப இவன் இல்ல" என்று அத்தையிடம் சொன்னாள். "ரூபி, இவன் இல்லடி. இவன் ஒண்ணும் பண்ணல."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது மாமா. உங்கள் உடல் ஹாலில் கிடந்த அன்றைக்கும் அம்மா எனக்குத் தலை துவட்டிவிட்டாள், சாப்பிடச் சொன்னாள், பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். மனசுக்குள் என்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டே அதையெல்லாம் செய்திருக்கிறாள். எப்படி முடிந்தது அவளால்? நான் தேம்பித் தேம்பி அழுதேன். ஷீபா கதவைத் திறந்து, "என்னாச்சு, யாருக்கு என்ன?" என்று கத்தினாள்.

இத்தோடு எண்ணெய் முடிந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் நினைத்தேன். அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு சமையலறைக்குப் போய் அந்த பாட்டிலை எடுத்து வந்தாள்.

"அம்மா! மாமா பாத்தும் போயிட்டாரேம்மா!"

"பாத்ததாலதான்டா இத்தன வருஷம் இருந்தான்."

இதற்கு நீங்களாவது பதில் சொல்லுங்கள் பார்ப்போம். ஆனால் இப்போது குனிவதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. நான் உங்களை எடுத்தவன் என்று சொல்லும் ஆள் அந்த வீட்டில் இல்லை. அப்போதுதான் விஷயம் தெரிந்த ஷீபா குழந்தையைக் கிண்ணத்துக்கு மேலே தள்ளிப் பிடித்தாள், அம்மா அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், அத்தை ஜாக்கிரதையாக ஒரு டவலும் கையுமாக நின்றார். நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டே வந்து எண்ணெயில் பார்த்தேன். டியூப்லைட் தெரிந்தது. ஃபேன் தெரிந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை.

"பாத்தியா?" என்றாள் அம்மா.

"பாத்தேம்மா. நல்லா தெரிஞ்சுது."

அத்தை என்னைப் பார்த்தார். நான் அத்தையைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து என் மருமகளைப் பார்த்தேன். மூக்கு ஷீபாவுடையது இல்லை, சும்மா சொல்கிறார்கள். கையில் வாங்கியதும் என் சட்டைப் பித்தானைப் பிடித்துக்கொண்டாள். கழுத்தில் ஒரு அடையாளமும் இல்லை, மடிப்பில் கொஞ்சம் பவுடர் இருந்தது.

அவளைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது ஒரு பயம் வந்தது மாமா. என் உயிரைப் பற்றிய பயம் இல்லை. நானும் ஒருநாள் போவேன், இல்லையா? சர்க்கரை நம் குடும்பத்துக்கு எழுதி வைத்தது. பைக் ஓட்டுகிறேன், வயசாகும், ஏதோ ஒன்று. அது எப்போது நடந்தாலும் நம் வீட்டில் யாராவது ஒருவர் வாயைத் திறப்பார். கொடி சுத்திப் பொறந்தவளாச்சே என்பார்கள். அப்போது இவள் படித்து, வேலைக்குப் போய், எங்கேயோ ஒரு ஆஸ்பத்திரி வாசலில் ஃபிளாஸ்க்கோடு நிற்பாள். நான் நின்ற மாதிரி நிற்பாள். பதில் சொல்ல நான் இருக்க மாட்டேன். நீங்கள் இல்லாமல் போன மாதிரி.

நீங்கள் சொல்லாமல் போனது என்மேல் உள்ள பிரியத்தால் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் அது சரியில்லை மாமா. சொல்லியிருக்கலாம்.

அதனால் உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அவளுக்குக் கதை கேட்கிற வயசு வந்ததும் முதல் கதையாக இதைத்தான் சொல்வேன். அப்பளத்தையும், தட்டையும், நான் பெய்ததையும், அவள் பாட்டி போனைப் பிடுங்கியதையும், பெரியம்மா இன்னும் யோசித்துக்கொண்டிருப்பதையும். எண்ணெயில் எனக்கு டியூப்லைட்தான் தெரிந்தது என்பதையும் அவளிடம் மட்டும் சொல்வேன். அவள் விழுந்து விழுந்து சிரிக்க வேண்டும். மறுபடி மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும். பிறகு என்றைக்காவது யாராவது அதையே அழுதுகொண்டு அவளிடம் சொன்னால், "அதெல்லாம் எங்க மாமா எனக்கு எப்பவோ சொல்லிட்டாரு" என்று சொல்லிவிட்டு அவள் தன் வேலையைப் பார்க்கப் போக வேண்டும்.

இப்படிக்கு,
நீங்கள் நர்ஸ் கையிலிருந்து வாங்கிய மருமகன்,
இப்போது ஒருத்திக்குத் தாய்மாமன்,
பென்னி